சைட்டோகேம்: ஐசியுவுக்கு வாங்கலாமா?

செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) நோயாளிக்கு சலைனும், ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினும் கொடுத்து சராசரி ரத்த அழுத்தம் 65 mmHg-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் சிறுநீர் இறங்கவில்லை, திசுக்கள் தவிப்பதைக் காட்டும் ரத்த லாக்டேட் குறையவில்லை. பெரிய தமனியில் அழுத்தம் இருந்தும் தந்துகிகளில் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில்) ரத்தம் ஓடாமல் நிற்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த ஓட்டத்தை நோயாளியின் நாக்கடியில், படுக்கையருகிலேயே காட்டும் கையடக்க மைக்ராஸ்கோப்தான் நெதர்லாந்தின் பிரேடியஸ் நிறுவனத்து சைட்டோகேம்.

செப்சிஸில் ரத்தக் குழாயின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் கிளைக்கோகாலிக்ஸ் படலம் உதிர்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டுகின்றன, நுண்ணிய ரத்த உறைகட்டிகள் குழாயை அடைக்கின்றன, சிவப்பணுக்கள் வளைந்து நுழையும் தன்மையை இழக்கின்றன. பாதிப்பு எங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு தந்துகியில் ரத்தம் பாயும். அதை ஒட்டிய தந்துகியில் அசையாமல் நிற்கும். திரையில் இதை நேராகப் பார்க்கும்போது, மானிட்டரில் உள்ள எந்த எண்ணும் இதைச் சொல்லவில்லையே என்று தோன்றும். கருவி பாய்ச்சும் பச்சை ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் சிவப்பணுக்கள் கறுப்பாகத் தெரிகின்றன. சிவப்பணு இல்லாத வெற்றுக் குழாய் தெரியவே தெரியாது. குழாய்களின் அடர்த்தி குறைந்ததாக மட்டும் பதிவாகும்.

இதே வேலைக்கான பழைய கருவி மைக்ரோஸ்கேனைவிட இது எடை குறைவு, பேனாபோல் பிடிக்கலாம், ஃபோகஸ் கணினி வழியாக நடக்கிறது, தெரியும் தந்துகிகளும் அதிகம். அதனாலேயே இரண்டு கருவிகளின் அடர்த்தி அளவுகளை ஒப்பிடக் கூடாது.

எச்சிலை காஸால் மெதுவாக ஒற்றி எடுங்கள். கருவியின் முனைக்குப் புதிய உறை போடுங்கள். நாக்கடியில் வைத்து, தொடுகை விடும்வரை பின்னிழுத்து, பிறகு மயிரிழை முன்னே நகர்த்துங்கள். ஐந்து இடங்களில் 20 வினாடி வரை ஆடாத வீடியோ எடுப்பது நல்ல வழக்கம். கணக்கில் வருபவை 20 மைக்ரானுக்குக் குறைந்த குழாய்கள்.

பெரும்பாலான பதிவுகள் கெடுவது அழுத்தத்தால்தான். சற்று அமுக்கினாலும் ஓட்டம் நின்றுவிடும், அது செப்சிஸ் மாதிரியே தெரியும். பெரிய நுண்சிரைகளைப் பாருங்கள்: அவற்றிலும் ரத்தம் நின்றோ முன்னும் பின்னும் ஆடியோ இருந்தால் அந்த வீடியோவை ஒதுக்கிவிடுங்கள். செப்சிஸில் வழக்கமாக அவற்றில் ஓட்டம் தொடரும், தந்துகிகள்தான் நிற்கும். வென்டிலேட்டரில் மயக்கத்தில் இருப்பவரிடம் வேலை எளிது. விழித்து அமைதியின்றி இருப்பவரிடம் நல்ல வீடியோ கிடைப்பது அரிது.

சிகிச்சையை மாற்ற இது உதவுமா? ஷாக் நிலை (உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை) நோயாளிகளிடம் நாக்கடி அளவீட்டைச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்த்துப் பார்த்த டேமிஸ் ஆய்வில் உயிரிழப்பு குறையவில்லை. மறுபுறம், 2019-இல் வெளிவந்த ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வுக்குத் தேவைப்பட்டது ஒரு கண்ணாடிச் சில்லும் (மைக்ராஸ்கோப் ஸ்லைடு) ஸ்டாப்வாட்சும்தான். வலது ஆள்காட்டி விரல் நுனியின் உட்புறத்தை வெளுக்கும்வரை அழுத்தி, 10 வினாடி பிடித்து விட்டு, நிறம் திரும்ப 3 வினாடிக்கு மேலானால் கோளாறு. அரைமணிக்கொரு முறை இப்படிப் பார்த்த குழுவில் 28 நாள் உயிரிழப்பு 34.9 சதவீதம், லாக்டேட்டைப் பின்பற்றிய குழுவில் 43.4. இந்த வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. ஆனால் செலவே இல்லாத முறை இவ்வளவு தாங்குவது பெரிய விஷயம். குளிர்ந்த அறையும் குளிர்ந்த கையும் மட்டும் அதை ஏமாற்றும்.

ஆராய்ச்சியும் பயிற்சியும் நடக்கும் ஐசியு என்றால் சைட்டோகேம் வாங்கலாம். சிகிச்சை மட்டுமே நடக்கும் ஐசியுவுக்கு இப்போதைக்குக் கண்ணாடிச் சில்லு போதும். வாங்குவோர் விலைப்பட்டியலில் உறைகளையும் பகுப்பாய்வு மென்பொருளையும் தனித்தனியாகக் கேட்டுப் பெறுங்கள்.