கழன்ற இம்பிளாண்ட் பல்லை மட்டக்களப்பில் சரிசெய்துகொண்ட அனுபவம்

என் கீழ்த்தாடையின் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டிருந்த இம்பிளாண்ட் பல் ஆடத் தொடங்கியபோது, மட்டக்களப்பு நகருக்குள் இருக்கும் ஒரு தனியார் பல் வைத்திய நிலையத்தில் அதைச் சரிசெய்துகொண்டேன். இது நடந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. திருகாணியால் பிணைத்த ஒரு பொருளின் வேலைத்தரம் இறுக்கிய அன்று தெரிவதில்லை. பாரம் தாங்கி உழைத்த பின்னரே தெரியும் என்பதால், ஓராண்டுப் பரிசோதனை முடிந்த பின்னரே இதை எழுதுவதென்று காத்திருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் மோட்டார் இயந்திரவியல் படிப்பித்தவன் நான். ஆகவே கதிரை வசதி, வரவேற்பறை, குளிரூட்டி ஆகியவற்றைவிட, அந்தச் சிறிய திருகாணியை அவர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதிலேயே என் கவனம் முழுவதும் இருந்தது.

முதலில் பல் எப்படிக் கழன்றது என்பதைச் சொல்லவேண்டும். அது வேறோர் ஊரில், வேறொரு நிலையத்தில் பொருத்தப்பட்டது. மூன்றாம் ஆண்டில் ஒரு மதியம் நண்டுக்கால் ஒன்றைக் கடித்தபோது வலப்பக்கத்தில் 'டிக்' என்று மிக மெல்லிய ஓசை கேட்டது. வலி இல்லை. இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி உணர்வுள்ள ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. எலும்போடு நேரடியாகப் பிணைந்திருக்கும் இம்பிளாண்டுக்கு அந்தச் சவ்வு கிடையாது. அதனால் உள்ளே ஏதோ தளர்ந்துவிட்டது என்பதை வலி வந்து அறிவிக்காது. சில வாரங்களில் காலையில் எழும்பும்போது வாயில் ஒரு துர்நாற்றம் தெரிந்தது. நாக்கால் தள்ளினால் பல் மயிரிழையளவு அசைந்தது. இம்பிளாண்டே எலும்பிலிருந்து விட்டுவிட்டது, இனிப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். நானும் ஏறக்குறைய அதையே நம்பினேன்.

இந்த நிலையத்தின் வைத்தியர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் வைத்திய பீடத்தில் படித்தவர், இளம்பெண். வாய்க்குள் பார்க்கும் சிறிய கண்ணாடிகள் இரண்டின் கைப்பிடிகளை எடுத்து, பல்லின் இருபுறமும் வைத்து மாறிமாறி அழுத்திப் பார்த்தார். பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தார். படத்தை என் பக்கம் திருப்பிக் காட்டி, "எலும்பு நல்லா இருக்கு சேர். வேர் ஆடல்ல. மேல இருக்கிற துண்டுதான் ஆடுது, ஸ்குரூ விட்டிருக்கு," என்றார். அந்த ஒரு வசனத்திலேயே என் மனப்பாரம் பாதி இறங்கிவிட்டது. வேர் ஆடுவதும் திருகாணி தளர்வதும் நோயாளியின் நாக்குக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முன்னது பெரும்பாலும் இம்பிளாண்டை இழப்பதில் முடியும். பின்னதை நேரத்தோடு பார்த்தால் சரிசெய்துவிடலாம். இந்த வேறுபாட்டைப் படத்தோடு, நான் கேட்காமலேயே விளக்கியதற்காக இந்த நிலையத்துக்கு என் முதல் நன்றி.

இம்பிளாண்ட் என்பது ஒரே துண்டு அன்று. எலும்புக்குள் இருப்பது டைட்டேனியத்தால் செய்த வேர். அதன் மேல் அமர்வது அபட்மென்ட் எனப்படும் இணைப்புத் துண்டு. அதற்கு மேலே வெளியில் தெரியும் பல், அதாவது கிரவுன். வேரையும் அபட்மென்டையும் பிணைத்து நிற்பது ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு திருகாணி. நாம் மெல்லும் ஒவ்வொரு கவளத்தின் பாரமும் இந்தப் பிணைப்பின் வழியாகவே எலும்புக்கு இறங்குகிறது. என்னுடைய பழைய கிரவுன் அபட்மென்டின் மேல் சீமெந்தால் ஒட்டப்பட்டிருந்தது. அப்படி ஒட்டினால் மேற்பரப்பில் துளை தெரியாது, பார்வைக்கு அழகு; ஆனால் உள்ளே திருகாணி தளர்ந்தால் அதை அடைவதற்குப் பாதை கிடையாது. என் பல்லில் அதுவே நடந்தது. எக்ஸ்ரேயை வைத்துத் திருகாணி எந்த இடத்தில் இருக்கும் என்று கணித்து, கிரவுனின் நடுவே மெல்ல மெல்லத் துளையிட்டு இறங்க வேண்டியிருந்தது.

அதற்கும் முன் இன்னொரு தடங்கல். என் வாயில் இருப்பது எந்த நிறுவனத்தின் இம்பிளாண்ட், எந்த விட்டம் என்பதற்கு என்னிடம் எந்தப் பதிவும் இல்லை. முதலில் பொருத்திய இடத்தில் அட்டை எதுவும் தரவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் திருகாணித் தலையும் இணைப்பின் வடிவமும் வேறு. ஏறக்குறையப் பொருந்துகிற சாவியை வைத்துத் திருகினால் தலையின் மூலைகள் மழுங்கிவிடும். பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு. நட்டின் மூலையைத் தேய்த்துவிட்டு உளியைத் தேடும் மாணவர்களை எத்தனையோ முறை கண்டித்தவன் என்பதால், "மாதிரி எது எண்டு நிச்சயமாத் தெரியாம நான் கை வைக்கமாட்டன் சேர்," என்று வைத்தியர் சொன்னபோது எனக்கு மிகுந்த நிம்மதி உண்டானது. அவர் எக்ஸ்ரேயில் தெரிந்த இம்பிளாண்ட் வேரின் புரி வடிவத்தையும் அதன் கழுத்தின் அமைப்பையும் வைத்துத் தேடினார். பழைய நிலையத்துடனும் தொலைபேசியில் பேசினார். முடிவாக மாதிரி உறுதியானது. உரிய சாவியும் புதிய பாகங்களும் கொழும்பிலிருந்து வந்து சேர இரண்டு வாரங்களுக்கு மேல் ஆனது.

கழற்றிய பழைய திருகாணியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தந்து பார்க்கச் சொன்னார். துருவில்லை, டைட்டேனியக் கலவை துருப்பிடிப்பதில்லை. கல்லடிக் கடற்காற்றில் இரும்பு நட்டுகள் ஒரு பருவத்துக்குள் செம்பொடியாவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வியப்பாகத்தான் இருந்தது. ஆனால் புரிகளின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. தளர்ந்த பிறகும் நான் அந்தப் பக்கத்தால் தொடர்ந்து மென்றதன் அடையாளம் அது. இன்னும் சில மாதங்கள் விட்டிருந்தால் திருகாணி உள்ளேயே முறிந்திருக்கக்கூடும். முறிந்த துண்டை வேருக்குள்ளிருந்து எடுப்பது மிக நுணுக்கமான வேலை, எல்லா வேளையிலும் கைகூடுவதுமில்லை. முதலில் எவ்வளவு இறுக்கியிருந்தார்கள் என்று கேட்டேன். தனக்குத் தெரியாததை ஊகித்துச் சொல்ல முடியாது என்று மறுத்துவிட்டார். முன்பு வேலை செய்தவர் மீது பழி போடாத அந்தப் பண்பும் எனக்குப் பிடித்தது.

இனி இந்த மதிப்பீட்டின் மையத்துக்கு வருகிறேன். புதிய கிரவுனை ஒட்டவில்லை. மேலிருந்து திருகாணியால் பிணைக்கும் வகையையே தெரிவுசெய்தோம். பொருத்தும் நாளில், கிரவுனைச் செய்த ஆய்வுகூடத்தில் பயன்படுத்திய திருகாணியை ஒதுக்கிவைத்துவிட்டு, முத்திரை உடையாத பொதியிலிருந்து புதிய திருகாணி ஒன்றை என் கண்முன்னே எடுத்தார். இணைப்பின் உட்புறத்தைக் கழுவி உலர்த்தினார். முதலில் விரலால் திருகி அமரவைத்து, முழுதாக இறுக்குவதற்கு முன்பே ஓர் எக்ஸ்ரே எடுத்தார். அபட்மென்டுக்கும் வேருக்கும் இடையில் ஈறின் சதை சிறிது அகப்பட்டிருந்தாலும் படத்தில் ஒரு கருங்கோடாக இடைவெளி தெரியும். தெரிந்தால் அதன்மேல் இறுக்குவதில் பொருளில்லை. இடைவெளி எதுவும் தெரியவில்லை. அதன் பின்னரே, எவ்வளவு முறுக்கம் கொடுத்து இறுக்குகிறோம் என்பதை அளந்து காட்டும் டோர்க் ரெஞ்ச் வெளியே வந்தது.

பட்டறையில் முழங்கை நீளத்தில் பார்த்துப் பழகிய கருவியின் உள்ளங்கை அளவான வடிவம் அது. பக்கவாட்டில் மெல்லிய கம்பி ஒன்று. அது வளைய வளைய அதன் நுனி அளவுக்கோடுகளின் மேல் நகர்கிறது. கருவியின் உடலைப் பிடித்துத் திருப்பினால் அளவு காட்டாது. கம்பியின் நுனியை மட்டும் ஒரு விரலால் தள்ளவேண்டும். மற்றக் கையின் விரலால் சாவியின் தலையை நேராக அழுத்திக்கொண்டு, கண்ணைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்து, அவசரமில்லாமல் 35 வரை தள்ளினார். 35 நியூட்டன் சென்ரிமீற்றர் என்பது, பத்துச் சென்ரிமீற்றர் நீளமான கோலின் நுனியில் ஏறத்தாழ 350 கிராம் நிறையைத் தொங்கவிடுவதற்குச் சமம். காரின் சில்லு நட்டுக்கு வழமையாகக் கொடுக்கும் முறுக்கம் இதைப்போல ஏறத்தாழ 300 மடங்கு. அளவு சிறியது என்பதற்காகக் கைக்கணக்கில் விட்டுவிட முடியாது. விரலின் பலம் ஆளுக்கு ஆள் மாறும். வெறும் விரலால் இறுக்கும்போது பெரும்பாலும் தேவையான அளவுக்குக் கீழேயே நின்றுவிடும். எல்லா இம்பிளாண்டுக்கும் 35 பொருந்தும் என்றும் எண்ணிவிடக்கூடாது. பாகத்துக்குப் பாகம், நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு வேறுபடும். அதை அந்த நிறுவனத்தின் ஏட்டில் பார்த்தே இறுக்கவேண்டும். அவரும் அப்படித்தான் செய்தார்.

இறுக்கும்போது திருகாணி உண்மையில் மிகச் சிறிய அளவில் நீள்கிறது. நீண்ட உலோகம் பழைய நீளத்துக்குத் திரும்ப முயன்று, இரு பாகங்களையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. பல்லைத் தாங்குவது இந்தப் பிடிவிசையே. புரிகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருப்பது மட்டும் போதாது. மெல்லும்போது பாகங்களைப் பிரிக்க முனையும் விசை இந்தப் பிடிவிசையைத் தாண்டினால் தளர்வு தொடங்கும். ஆனால் நாம் கொடுக்கும் முறுக்கத்தின் பெரும்பகுதி தலையடியிலும் புரியிலும் உள்ள உராய்வை வெல்லவே போய்விடுகிறது. பத்தில் ஒரு பங்களவே பிடிவிசையாக மாறுகிறது என்பது எந்தப் பட்டறைக்கும் பொதுவான கணக்கு. அளவுக்கு மீறி இறுக்கினால் உலோகம் மீளமுடியாதபடி நீண்டு பலம் இழக்கும். இடைப்பட்ட அந்த ஒடுக்கமான எல்லைக்குள் நிறுத்துவதற்காகவே அளவுக்கருவி வேண்டியிருக்கிறது.

இறுக்கி முடிந்ததும் எழும்ப ஆயத்தமானேன். "பத்து நிமிசம் இருங்க சேர், திரும்பவும் ஒருக்கா இறுக்கவேணும்," என்றார். எவ்வளவு வழுவழுப்பாகச் செய்த உலோகத்திலும் நுண்ணிய மேடுகள் உண்டு. முதல் இறுக்கத்தில் அவை நசுங்கி அமர்கின்றன. அந்த அமர்வில் பிடிவிசையின் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சிறிது நேரம் விட்டு அதே அளவுக்கு மறுபடியும் இறுக்கினால் இழந்ததில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பத்து நிமிடம் முழுதாக விட்டு, மீண்டும் 35 வரை தள்ளினார். இரண்டாம் முறை சாவி நூலளவு நகர்ந்ததை என் தாடையிலேயே உணர்ந்தேன். வெளியில் ஆறேழு பேர் காத்திருந்த ஒரு மாலை நேரத்தில் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்தார்களே, அதற்காகவே இந்த நிலையத்தை நான் மற்றவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

எனக்குப் பொருத்தியிருப்பது கூம்பு வடிவ இணைப்பு. கடைசல் இயந்திரத்தின் வால்பகுதியில் துளையூசியைச் செருகும் மோர்ஸ் டேப்பரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாய்ந்த பரப்பு சாய்ந்த பரப்போடு இறுகிக்கொள்வதால், பக்கவாட்டு விசையில் ஒரு பங்கைச் சுவரே ஏற்கிறது. திருகாணியின் பாடு குறைகிறது. சுவீடனின் கோதன்பர்க்கில் பல் இம்பிளாண்டின் முன்னோடியான பிரானெமார்க் 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்திய காலத்திலிருந்து வந்த பழைய வகையில், வேரின் தலைக்கு வெளியே 0.7 மில்லிமீற்றர் உயரமான ஒரு அறுகோணம் மட்டுமே இருந்தது. அதுவும் வேரை எலும்புக்குள் திருகி இறக்குவதற்கென்று வந்தது. ஒற்றைப் பல்லைத் திரும்பாமல் பிடித்துவைக்கும் வேலை அதன்மேல் பின்னர் ஏறியது. அந்த வகையில் எல்லாப் பாரமும் திருகாணிமேலேயே விழுந்ததால் தளர்வு ஒரு பெருந்தலையிடியாக இருந்தது. ஆனாலும் அந்த முதல் நோயாளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தன் இம்பிளாண்டுகளோடு வாழ்ந்தார்.

பிறகு திருகாணித் தலையை மூடியது, தண்ணீர்க் குழாயின் புரிக்குச் சுற்றுகிறோமே, அதே வகையான வெள்ளை டெஃப்லான் நாடா, கிருமி நீக்கியது. அதைச் சுருட்டி உள்ளே அழுத்தி, மேலே பல்நிறப் பூச்சால் அடைத்தார்கள். மீண்டும் திறக்க நேர்ந்தால் பூச்சைச் சுரண்டி நாடாவை இழுத்தால் போதும். திருகாணித் தலை சுத்தமாகக் கிடைக்கும். கடைசியாக, கடி படும் இடத்தில் கறை பதிக்கும் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, புதிய பல்லின் வெளிவிளிம்பில் பதிந்த கறையைத் தேய்த்துக் குறைத்தார்கள். விளிம்பில் விழும் கடி நெம்புகோல்போல் வேலை செய்து திருகாணியை நாளாந்தம் அசைக்கும்.

குறைகளும் உண்டு. நேரம் குறித்துக் கொடுத்தாலும் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் காத்திருக்க நேர்ந்தது. சிகிச்சைக்குப் பின் தந்த அறிவுறுத்தல் தாள் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. வைத்தியர் வாயால் தமிழில் அவ்வளவு தெளிவாகச் சொன்னதை வீட்டுக்கு எடுத்துச்செல்லும் தாளிலும் தமிழில் தராதது பெருங்குறை. வந்திருந்த வயோதிபர்களில் பலர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்ததோடு சரி. கட்டணமும் சாதாரணக் குடும்பத்துக்குப் பாரமே. பகுதி பகுதியாக எழுதித் தந்தார்கள், பிறகு கூட்டவில்லை. ஆனாலும் பாரம் பாரந்தான்.

கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மட்டக்களப்பிலோ இம்பிளாண்ட் வைக்க நினைப்பவர்கள் எங்கே போனாலும், எந்த நிறுவனத்தின் பாகம், அபட்மென்டும் திருகாணியும் அதே நிறுவனத்தினுடையவையா, எத்தனை நியூட்டன் சென்ரிமீற்றருக்கு இறுக்குவீர்கள், டோர்க் ரெஞ்சைக் கடைசியாக எப்போது அளவுச் சோதனை செய்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அந்தக் கருவியின் வில்லும் கம்பியும் 134 பாகை நீராவியில் திரும்பத் திரும்பக் கிருமி நீக்கப்படுவதால் காலப்போக்கில் அளவு விலகக்கூடும். ஆகவே கடைசிக் கேள்வி அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. நான் கேட்டபோது வைத்தியர் முகஞ்சுளிக்காமல் கருவியின் பதிவேட்டையே எடுத்துக் காட்டினார்.

ஓராண்டுப் பரிசோதனையில் பல்லில் அசைவில்லை, நாற்றமில்லை, எக்ஸ்ரேயில் இணைப்பு இடைவெளியின்றி இருந்தது. பூச்சைத் திறக்கத் தேவையில்லை என்று விட்டுவிட்டார். நிறுவனத்தின் பெயர், பாக இலக்கம், விட்டம், இறுக்கிய அளவு, திகதி எல்லாம் எழுதிய அட்டை இப்போது என் அடையாள அட்டையோடு ஒரே உறையில் இருக்கிறது. அதன் பிரதியொன்று மகளிடமும் உண்டு.