ஹைட்ராக்ஸிஅபடைட் பூச்சு: சாறு முறையா, நேரடித் தொடுகையா?

இடுப்பு மூட்டுத் தண்டின் மேல் பிளாஸ்மா தெளிப்பில் (பொடியை உருக்கித் தெளிக்கும் முறை) ஏற்றிய ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற எலும்புக் கனிமம், செல்களுக்கு ஒத்துப்போகுமா? செல் நச்சுத்தன்மைச் சோதனைக்கான சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 10993-5 தரும் வழிகளில் போட்டி சாறு முறைக்கும் நேரடித் தொடுகைக்கும்தான். எங்கள் ஓட்டு சாறு முறைக்கு.

நேரடித் தொடுகை மலிவு, விரைவு. எல்929 என்னும் சுண்டெலிச் செல்களின் படலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கை மூடும்படி, பூச்சு ஏற்றிய டைட்டானிய மாதிரி வில்லையை வைத்து, 24 மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் 0 முதல் 4 வரை தரம் போட வேண்டும். 2-ஐத் தாண்டினால் தோல்வி. ஆனால் தட்டைத் தூக்கும்போது வில்லை கொஞ்சம் நகர்ந்தாலே சொரசொரப்பான பூச்சு செல்களைச் சுரண்டிவிடும். பார்த்தால் நச்சு வளையம் மாதிரியே இருக்கும்.

சாறு முறையில் வில்லையைச் செல் வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, அந்தச் சாற்றைச் செல்களுக்குக் கொடுத்து, உயிருள்ள செல்கள் நிறம் மாற்றும் எம்டிடி சாயத்தால் அவற்றின் உயிர்ப்பை அளக்கிறோம். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சுத்தன்மை. ஒரு மில்லிலிட்டருக்கு 3 சதுர சென்டிமீட்டர் கணக்கில், 14 மிமீ விட்டமும் 2 மிமீ தடிப்பும் உள்ள வில்லைக்கு 1.3 மில்லி ஊடகம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ஒரு முகத்தில் மட்டும் பூச்சு இருந்தால், கணக்கில் வரும் பரப்பில் ஏறக்குறைய 60 சதவீதம் வெறும் டைட்டானியம். சாறு நீர்த்துப்போய் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். எல்லாப் பக்கமும் பூசிய வில்லையே வேண்டும்.

எங்களைச் சாய்த்தது, தோற்றால் காரணம் தேட வழி இருப்பதுதான். தெளிப்பின் சூட்டில் அபடைட் சிதைந்து கால்சியம் ஆக்சைடு உண்டாகலாம். அது நீரில் பட்டதும் காரமாகும், ஊடகத்தில் உள்ள நிறங்காட்டி ஊதா கலந்த இளஞ்சிவப்பாக மாறும். உடனே பூச்சைக் குறை சொல்லிவிடாதீர்கள்: கார்பன் டைஆக்சைடு வெளியேறினாலும் இதே நிறம்தான். வில்லை போடாத ஊடகத்தையும் அதே மூடிய குப்பியில் கூடவே வைத்து, இரண்டின் பிஎச்-ஐ ஒப்பிடுங்கள். சாற்றை முதலில் திருத்தாமல் சோதியுங்கள். தோற்றால் பிஎச் சரிசெய்த ஒரு பங்கைத் தனியாக ஓட்டுங்கள். செல்கள் மீண்டால் காரமே காரணம். மீளாவிட்டால் வில்லையைக் கழுவிய பிறகும் தங்கிய எச்சத்தைத் தேடுங்கள்.

உதிரும் துகள் விஷயத்தில் சாறு முறை பலவீனம். துகளோடு அளந்தால் ஒளி சிதறி அளவீடு தவறும். வடிகட்டினால் துகளின் விளைவே காணாமல் போகும். எது செய்தாலும் அறிக்கையில் எழுதிவையுங்கள். டைட்டானியம் நைட்ரைடு போல மெல்லிய, கரையாத பூச்சுகளுக்கு இந்தச் சாய்வு அப்படியே செல்லாது; அங்கே காரச் சிக்கலே எழாது.