லேப் ரிப்போர்ட்டைக் காட்டிப் பொடி விற்கிறார்கள், ஜாக்கிரதை

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ஒரு லேப், ரிப்போர்ட்டைக் காட்டிப் பயமுறுத்தி மூட்டுவலிப் பொடி விற்கிறது. என் அம்மாவிடமும் விற்றார்கள்.

அம்மாவுக்குப் பல வருடமாக முடக்குவாதம். கோயம்புத்தூர் டாக்டர் தந்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, வாரத்துக்கு ஒருமுறை. அந்த மாத்திரை ஓடும்வரை ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் மூன்றையும் அவ்வப்போது பார்த்தாக வேண்டும். அதற்காக ஒவ்வொரு தடவையும் கோவைக்கு பஸ் ஏற முடியாது என்று உள்ளூரிலேயே கொடுத்தோம்.

கேட்டது அந்த மூன்றும், உடம்பில் வீக்கம் எவ்வளவு என்று காட்டும் சி.ஆர்.பி.யும்தான். அவர்கள் போட்டது ‘மூட்டு பேக்கேஜ்’. அதில் ஏ.எஸ்.ஓ. என்று ஒன்று. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து போனதா என்று பார்க்கும் டெஸ்ட் அது. அம்மாவின் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்டும் இருந்தது. ‘இன்னும் பாசிட்டிவ்தான்’ என்றாராம் ரிப்போர்ட் கொண்டுவந்தவர். நோய் நன்றாக அடங்கிய பிறகும் அது பாசிட்டிவாகவே இருக்கலாம். நோயே இல்லாத வயதானவர்கள் சிலருக்கும் பாசிட்டிவ் வரும், நோய் உள்ள சிலருக்கு நெகட்டிவ் வரும். மருந்து வேலை செய்கிறதா என்று அதை வைத்துச் சொல்வதில்லை.

பெரிய வேலை சி.ஆர்.பி.யில்தான் நடந்தது. பழைய ரிப்போர்ட்டில் 0.4, புதியதில் 4. ‘பத்து மடங்கு ஏறியிருக்கு அம்மா, ஆனா பேடிக்கண்ட (பயப்படாதீங்க), நம்மகிட்ட மருந்து இருக்கு’ என்று பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசியிருக்கிறார். பழையது ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, புதியது ஒரு லிட்டரில். லிட்டருக்குப் பத்து டெசிலிட்டர். அதாவது 0.4-ம் 4-ம் ஒரே அளவு! பக்கத்திலேயே ‘5-க்குக் கீழ் நார்மல்’ என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள். அலகு மாறியது தெரியாமல் சொன்னார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் பொடி பையில் தயாராக இருந்தது.

இங்கிலீஷ் மாத்திரை ஈரலை அரித்துவிடும், நிறுத்துங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அதே தாளில் ஈரலுக்கான எஸ்.ஜி.பி.டி. டெஸ்ட் நார்மல்.

பொடி சாப்பிட்ட சில நாளிலேயே அம்மாவுக்கு வலி போய்விட்டது. அப்புறம் அவர்களே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சி.ஆர்.பி., அதேபோல வீக்கத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். இரண்டும் இறங்கியிருந்தன. ‘பார்த்தீங்களா!’ அதே ரிப்போர்ட்டில் சர்க்கரையும் வெள்ளை அணுக்களும் ஏறியிருந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை. முகம் வேறு உப்பி வட்டமாகிவிட்டது. ஊரில் எல்லாரும் சதை போட்டிருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டார்கள்.

கோவை டாக்டர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார், ‘நாட்டுப் பொடி ஏதாவது சாப்பிடறீங்களா?’ ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்பது அவர் சந்தேகம். ஸ்டீராய்டு வீக்கத்தையும் சி.ஆர்.பி.யையும் வேகமாக இறக்கும், சர்க்கரையை ஏற்றும், வெள்ளை அணுக்களையும் கூட்டும். இன்னொன்றும் சொன்னார். இப்படிப்பட்ட பொடியை வாரக்கணக்கில் சாப்பிட்டவர்கள் பயத்தில் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோன் அதற்குள் மந்தமாகியிருக்கும், பிரஷர் இறங்கி மயங்கி விழக்கூடும். அம்மாவுக்கு அளவு தெரிந்த மாத்திரை கொடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார். மெத்தோட்ரெக்ஸேட் திரும்பவும் ஆரம்பம்.

லேபுக்குப் போய்க் கேட்டேன். ‘பொடி நாங்க விக்கல, அந்தப் பையன் சொந்தமா வித்திருப்பான்’ என்றார்கள். பொடிக்கு பில்லும் கிடையாது. டெஸ்டுகளுக்கான பில்லையும் இரண்டு ரிப்போர்ட்டையும் வைத்து, கேட்காத டெஸ்டுக்குப் பணம் வாங்கியதற்காகப் பாலக்காடு நுகர்வோர் ஆணையத்தில் மனு தயார் செய்கிறேன். நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பொடியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், மிச்சப் பொட்டலத்தையும் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.