பழைய விகோ கெப்: மலை ரோட்டுக்கு வாங்குமுன் எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும்?

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கும் திறந்தது. இடையில் ஓட்டை கெப்புக்கும் (பிக்கப் வண்டி) தங்க விலை. டொயோட்டா ஹைலக்ஸ் விகோ, அதாவது 2004 முதல் 2015 வரை வந்த மொடல், மலையகத்துக்கு இன்னும் நல்ல வண்டிதான். பெயின்டையும் மீட்டரையும் பார்த்து மயங்காமல் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரையும் வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான செசியையும் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். மரக்கறி மூட்டையோடு றம்பொடை ஏறுபவருக்கு 3.0 லீற்றர் எஞ்சின், ஆட்களும் பால் கேனும் மட்டும் என்றால் 2.5 போதும்.

விடியற்காலையில் போங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் குறை தெரியும். "நீங்க வாறதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரேடியேட்டர் மேல் ஹோஸ் சில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆணி அடிப்பது போன்ற சத்தமும் வெள்ளைப் புகையும் நீடித்தால் இன்ஜெக்டரில் கோளாறு.

இந்த டீசல் எஞ்சினுக்கு, முக்கியமாக 3.0க்கு, பேர்போன வியாதி ஒன்று உண்டு. இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் வொஷர் கசியும். எரிந்த வாயு மேலேறி ஒயிலில் கலக்கும். ஒயில் தார் மாதிரி இறுகி, எஞ்சினுக்கு அடியில் ஒயில் தேங்கும் சம்ப்புக்குள் இருக்கும் வலைச் சல்லடையை அடைக்கும். பிறகு ஒயில் ஏறாது, பேரிங் போகும், எஞ்சினும் போகும். ஒயில் மூடியைக் கழற்றி உட்பக்கம் விரலால் தடவுங்கள். கறுப்பு எண்ணெய் பரவாயில்லை. நகத்தால் சுரண்டினால் கட்டியாக வருகிறதா என்பதே கேள்வி. சந்தேகம் என்றால் சம்ப்பைக் கழற்றிச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். கராஜ் பாஸுக்கு அரை நாள் வேலை, எஞ்சின் விலையோடு பார்த்தால் ஒன்றுமில்லை.

டைமிங் பெல்ட்டை (எஞ்சின் வால்வுகளை இயக்கும் பட்டி) மாற்றச் சொல்லும் லைட் எரியவில்லை என்பதை நம்ப வேண்டாம். பெல்ட்டை மாற்றாமலே லைட்டை அணைக்கலாம். மாற்றிய பில் இல்லையென்றால் புது பெல்ட் செலவை விலையில் கழியுங்கள்.

இனி செசி. உரம் ஏற்றிய வண்டியா என்று கட்டாயம் கேளுங்கள். சிந்திய யூரியாவும் ஈரக் கொழுந்திலிருந்து வடியும் தண்ணீரும் பின்தட்டை மட்டுமல்ல, அடியில் இருக்கும் செசியையும் தின்னும். தட்டில் விரித்திருக்கும் ரப்பரைத் தூக்குங்கள். பிறகு டோர்ச்சோடு அடியில் படுத்து, பின் ஸ்பிரிங் பிடிக்கும் கொழுவிகளைச் சுற்றியும் ஸ்பெயார் வீலுக்கு மேலேயும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு "ணங்" என்னும். உள்ளே உளுத்தது "தொப்" என்னும். நேற்று அடித்த கறுப்புத் தார் பளபளத்தால் அந்த இடத்தில்தான் ஸ்குரூ டிரைவரைக் குத்திப் பார்க்க வேண்டும்.

ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டாமல் தடுப்பது) இல்லாத வண்டிகளில் பின் எக்ஸலுக்கு மேல் ஒரு வால்வு, அதிலிருந்து எக்ஸலுக்கு ஒரு கம்பி. பாரம் ஏறி வண்டி தாழும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதுதான். கூடுதல் ஸ்பிரிங் பிளேட் போட்டு வண்டியைத் தூக்கியிருந்தால், மூட்டை ஏற்றினாலும் தட்டு காலி என்றே வால்வு நினைக்கும். பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். கம்பியைக் கழற்றி வயரால் கட்டி வைத்திருப்பவர்களும் உண்டு. இறக்கத்தில் முன் டிஸ்க் காய்ந்து ஸ்டியரிங் உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஓட்டிப் பார்க்க நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறும் ரோடு போதும். செங்குத்தாக இறங்கும் ரதெல்ல குறுக்கு வீதியில் தெரியாத பிரேக்கைப் பரீட்சிக்கிற வேலை வேண்டாம். ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மெதுவாகப் போய் எக்ஸலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் கத்தி வண்டி நகராவிட்டால் கிளச் முடிந்தது. ஏறி முடித்ததும் ஹீட் மீட்டரைப் பாருங்கள். போர்வீல் (நாலு சக்கரமும் இழுப்பது) என்றால் மண் ரோட்டில் எச்-4 (வேகத்துக்கு), எல்-4 (மெதுவாக, கூடுதல் இழுவைக்கு) இரண்டையும் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாத லீவர் இறுகியிருக்கும்.

கடைசியாகப் பேப்பர். வாகனப் பதிவுச் சான்றிதழான சி.ஆரில் லீசிங் கம்பனியின் பெயர் கிடந்தால், அது நீங்கும் வரை முற்பணம் கூடக் கொடுக்க வேண்டாம். செசி இலக்கத்தை வயர் பிரஷ்ஷால் தேய்த்து சி.ஆரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் தடமோ, அந்தச் சாண் இடத்துக்கு மட்டும் புதுப் பெயின்டோ இருந்தால் விலை பேசாமலே திரும்பிவிடுங்கள்.