ராத்திரி கொரக்களி: மெக்னீசியமா, உப்பா, தைலமா, செவுத்துல சாஞ்சு நிக்கறதா?

கெண்டைக்கால்னு ஏன் பேர் வச்சாங்கன்னு எனக்கு போன வருஷம் மே மாசம் ஒரு ராத்திரிதான் நல்லா புரிஞ்சுது. மணி ரெண்டரை இருக்கும், வலது கால் பின்சதைக்குள்ள திடீர்னு ஒரு மீன் துள்ளின மாதிரி இருந்துச்சு, அடுத்த நொடி அப்படியே கல்லா இறுகிடுச்சு. தொட்டுப் பாத்தா தோலுக்கு அடியில கொட்டாங்குச்சிய கவுத்து வச்ச மாதிரி ஒரு முண்டு, பாதம் தானா கீழ வளைஞ்சு நிக்குது, கத்தணும்னாக்கூட வாய் வரல. எங்க வீட்டுக்காரர் எழுந்து லைட்ட போட்டு என்னன்னு கேக்கறதுக்குள்ள ரெண்டு நிமிஷம் போயிடுச்சு. அந்த ரெண்டு நிமிஷத்தோட வலி ரெண்டு நாளைக்கு நடக்கும்போதெல்லாம் சதைக்குள்ளயே இருந்துச்சு.

எனக்கு 51 வயசு. கடலூர் திருப்பாப்புலியூர்ல லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில 16 வருஷமா புடவை செக்ஷன்ல நிக்கறேன். அந்த ராத்திரிக்கு அப்புறம் இந்த கொரக்களி, அதாவது கால் சதை பிடிப்பு, வாரத்துல அஞ்சு ராத்திரி வர ஆரம்பிச்சுது, பகல்ல கடையில நின்னா ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்றாங்க, ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் இல்லன்றாங்க. சரின்னு ஒவ்வொண்ணா செஞ்சு பாத்து, சமையக்கட்டு செவுத்துல இருக்கற மாச காலண்டர்ல வந்த ராத்திரிக்கெல்லாம் செவப்பு பேனாவால ஒரு கோடு போட்டுக்கிட்டே வந்தேன். அதுல எனக்கு மொதல்ல விளங்கினது, எல்லாரும் ரெண்டு வேற விஷயத்த ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. புடிச்ச பிடிப்ப அந்த நிமிஷமே விடுவிக்கறது ஒண்ணு, அது திரும்ப வராம பாத்துக்கறது இன்னொண்ணு. தைலத்தையும் மெக்னீசியத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எது நல்லதுன்னு கேட்டா பதிலே கிடையாது.

மொதல்ல அந்த நிமிஷம். எங்க அம்மா கடலூர் ஓ.டி.ல (ஓல்ட் டவுன்) இருக்காங்க, 76 வயசு, போன்ல நான் சொன்னதும் "கட்டவெரல புடிச்சு மேல இழுடி, வேற ஒண்ணும் வாணாம்"னாங்க. நான் அத பெருசா எடுத்துக்கல. அப்புறம் பிஸியோதெரபி பண்ற பொண்ணு ஒண்ணு எங்க கஸ்டமர், அவங்ககிட்ட கேட்டா அம்மா சொன்னதயேதான் சொன்னாங்க: முட்டிய மடக்காம நீட்டி வச்சு, பாதத்த முழங்காலப் பாத்து இழுக்கணும். தூக்கத்துல பாதம் கீழ்நோக்கி நீண்டு கெடக்கும்போது பின்சதை சுருங்கின நெலையில இருக்கு, அந்த நேரம் நரம்பு சும்மா ஒரு தட்டு தட்டினாலும் சதை மேல மேல இறுகிக்கிட்டே போகுது, அத நீட்டி விட்டாதான் தளரும். குனிஞ்சு வெரல புடிக்க முடியாதவங்க தலமாட்டுல ஒரு துண்டு வச்சுக்கலாம், பாதத்துக்கு அடியில மாட்டி ரெண்டு முனையயும் கையால இழுத்தா போதும். எழுந்திரிக்க முடிஞ்சா வெறுங்காலோட தரையில குதிகால அழுத்தி நின்னுடுங்க. எனக்கு இதுல அர நிமிஷத்துல விடுது, இதுக்கு ஈடா வேற எதயும் நான் பாக்கல.

தைலம், கற்பூரம் போட்டு காய்ச்சின தேங்காண்ணெ, ஹாட் வாட்டர் பேக் எல்லாம் பிடிப்பு விட்டதுக்கு அப்புறம் வர்ற வலிக்குத்தான். அந்த வேலைக்கு ரொம்ப நல்லா இருக்கு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா சதை இறுகி நிக்கும்போது தைலத்த தேடிக்கிட்டு இருக்கறது நேரத்த வீணாக்கறது. சக்கர வியாதி இருந்து பாதம் மரத்துப்போனவங்க ஹாட் வாட்டர் பேக் வைக்கவே கூடாது, சூடு தெரியாம கொப்பளிச்சிடும். இன்னொண்ணு, ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, செவந்து, வலி விடாம இருந்தா அது கொரக்களி இல்ல, ரத்தக் கட்டியா இருக்கலாம், அத தேய்ச்சு விடாம அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ஊறுகாத் தண்ணி கதையும் ஒண்ணு இருக்கு. கடையில ஒரு சின்னப் பொண்ணு செல்போன்ல காட்டுனா, விளையாட்டுக்காரங்க ஊறுகாத் தண்ணிய குடிச்சதும் பிடிப்பு விட்டுடுதாம். இது பொய்யில்ல. 2010-ல அமெரிக்காவுல கரண்ட் வச்சு கால்வெரல் சதைய இழுக்க வச்சு சோதன பண்ணியிருக்காங்க, வெள்ளரிக்கா ஊறுகாத் தண்ணி குடிச்சப்ப, வெறும் தண்ணி குடிச்சத விட சுமார் 49 விநாடி முன்னாடியே விட்டிருக்கு. ஒரு நிமிஷத்துல உப்பு ரத்தத்துல கலந்திருக்க முடியாது, அந்தப் புளிப்பு தொண்டையில பட்டதுமே நரம்பு வழியா ஏதோ அடங்குதுன்னு நெனைக்கறாங்க. ஆனா அது வினிகர்ல ஊறுன தண்ணி. நம்ம வீட்டு எலுமிச்ச ஊறுகாயில எண்ணெயும் மொளகாத் தூளும்தான் இருக்கு, ராத்திரி ரெண்டரைக்கு அத வாயில போட்டா கால் வலி போயி வயித்தெரிச்சல் வரும். துண்டு பக்கத்துல இருக்கும்போது இது எனக்குத் தேவப்படல.

இப்ப திரும்ப வராம இருக்கறதுக்கு. இதுலதான் பெரிய செலவும் பெரிய சண்டையும்.

மெக்னீசியம்தான் இப்ப எல்லார் வாயிலயும். நானும் ஒரு மெடிக்கல்ல சொன்னத நம்பி ஒரு மாசத்துக்கு வாங்கிப் போட்டேன், வாரத்துக்கு அஞ்சா இருந்தது மூணா கொறஞ்சுது, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், கடையில எல்லார்கிட்டயும் சொன்னேன். அப்புறம்தான் 2017-ல இஸ்ரேல்ல செஞ்ச ஆய்வப் பத்தி படிச்சேன். 94 பேர், பாதிப் பேருக்கு நெஜ மெக்னீசியம் ஆக்ஸைடு, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திர, நாலு வாரம். ரெண்டு பக்கமும் வாரத்துக்கு எட்டு தடவ வந்தது அஞ்சு தடவ மாதிரி கொறஞ்சிருக்கு. ரெண்டு பக்கமும்! அதப் படிச்சிட்டு மாத்திரய நிறுத்துனேன், காலண்டரப் பாத்தா அதே மூணுதான். நாம எப்ப மருந்து தேடிப் போறோம், ரொம்ப முடியாமப் போன வாரத்துலதானே, அதுக்கு அடுத்த வாரம் அதுவா கொஞ்சம் கொறையும், நாம அந்தப் பேர மாத்திரைக்குக் குடுத்துடறோம். இதத்தான் நான் எல்லாருக்கும் சொல்லணும்னு நெனைக்கறேன், ஏன்னா வாழப்பழம் சாப்பிட்டேன் போச்சுன்றவங்களும், போர்வைக்கடியில சோப்பு வச்சேன் போச்சுன்றவங்களும் பொய் சொல்லல, எண்ணிப் பாக்கல அவ்வளவுதான்.

கர்ப்பமா இருக்கறவங்களுக்கு மெக்னீசியம் கேக்குதான்னு செஞ்ச ஆய்வுங்க ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல, அவங்க டாக்டர் சொன்னா போட்டுக்கட்டும். கிட்னி சரியில்லாதவங்க கேக்காம தொடவே கூடாது. மத்தவங்களுக்குப் பெரிய கெடுதல் இல்ல, வயித்தால போகும், காசு போகும். உடம்புக்கு மெக்னீசியம் வேணும்னா கேழ்வரகு இருக்கு, பண்ருட்டி முந்திரி இருக்கு, ஒரு கைப்பிடி, 30 கிராம் முந்திரியிலயே 80 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. வாழப்பழத்துல பொட்டாசியம் 400 மில்லிகிராம் கிட்ட, அதுவும் நல்ல சாப்பாடுதான், சாப்பிடுங்க, ஆனா கொரக்களிக்கு மருந்துன்னு நெனைக்காதீங்க.

உப்பு விஷயம் வேற. எங்க சித்தி பையன் சிப்காட்ல பாய்லர் பக்கத்துல வேல, அவனுக்கும் கால் இழுக்கும், தொடை இழுக்கும், சில நாள் வயித்துச் சதையே இழுக்கும், ஆனா வேல நேரத்துல இல்ல ஷிஃப்ட் முடிஞ்ச கையோட. அவன் சட்டைய காய வச்சா உப்புக் கோடு வெள்ளையா தெரியும். அவ்வளவு வேர்வ விட்டுட்டு வெறும் தண்ணியா குடிச்சா உடம்புல உப்பு கொறஞ்சு வர்ற பிடிப்பு அது, அவனுக்கு ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ண ஒரு லிட்டர் தண்ணியில கலக்கிக் குடிச்சா கேக்குது. அவனப் பாத்துட்டு நான் ஒரு வாரம் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகல, ஏன்னா நான் ஃபேனுக்கு அடியில நிக்கறவ. பிரஷர் இருக்கறவங்க தினமும் உப்புத் தண்ணி குடிக்கறது நல்லதும் இல்ல. அவனுக்கு சரியானது எனக்கும் சரியாகணும்னு கட்டாயமில்ல, பேரு ஒண்ணா இருக்கறதால நோய் ஒண்ணாயிடாது.

கொய்னா மாத்திரை, அதாவது மலேரியாவுக்குக் குடுக்கற குயினைன் பத்தி பாண்டிச்சேரி ஆளுங்களுக்கு நெறயவே தெரியும். எங்க நாத்தனார் வீடு முத்தியால்பேட்டை, அங்க ஃபிரான்ஸ்லேர்ந்து சொந்தக்காரங்க வரும்போது கொரக்களிக்குன்னே விக்கற கொய்னா மாத்திரைய வாங்கிட்டு வந்து குடுப்பாங்க. நாத்தனார் வீட்டுக்காரர் அத விட்டுட்டு எதயும் நம்ப மாட்டார். உண்மைய சொல்லணும்னா, இருக்கற மருந்துகள்ல ஆய்வுல கொஞ்சமாவது நின்னது இதுதான், ரெண்டு வாரத்துல பிடிப்போட எண்ணிக்கைய 28 சதவீதம் கொறைக்குதுன்னு பல ஆய்வ சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க. ஆனா அதுக்குக் குடுக்கற வெல பெருசு. ரத்தத்துல தட்டணுக்கள் திடீர்னு கொறஞ்சு போகலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், காதுல ரீங்காரம் வரலாம். அமெரிக்காவுல 2006-ல அனுமதியில்லாத கொய்னா மருந்துகள நிறுத்தினாங்க, 2010-ல கால் பிடிப்புக்கு இதப் போடாதீங்கன்னு மறுபடி எச்சரிச்சாங்க. "அண்ணா, கால் வலிக்காக இதயத்த வச்சு வெளையாடாதீங்க, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க"ன்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். கொய்னா கலந்த கசப்பு சோடா, டானிக் வாட்டர் குடிச்சா போதும்னு சிலர் சொல்றாங்க, ஒரு லிட்டர்ல 83 மில்லிகிராமுக்கு மேல கொய்னா இருக்கக் கூடாதுன்றது அமெரிக்காவோட கணக்கு, அப்படிப் பாத்தா ஒரு 200 மில்லிகிராம் மாத்திரைக்கு சமமா ரெண்டு லிட்டருக்கு மேல குடிக்கணும்.

புதுசா வந்தது வைட்டமின் கே2. 2024-ல சீனாவுல 65 வயசு தாண்டுன 199 பேருக்கு எட்டு வாரம் குடுத்து பாத்ததுல வாரத்துக்கு ரெண்டரை தடவ வந்தது ஒரு தடவையா கொறஞ்சிருக்கு, மாவு மாத்திர போட்டவங்களுக்கு அப்படி கொறையல. நம்பிக்கையா இருக்கு, ஆனா ஒரு ஆய்வுதான், நான் இன்னும் போடல. வால்வு ஆபரேஷன் ஆகி அசிட்ராம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திர போடறவங்க இதுகிட்டயே போகக்கூடாது. நரம்பு ஊசின்னு வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கறவங்களும் நெறய, பி12 கொறஞ்சிருந்தா, அதுவும் சக்கரைக்கு ரொம்ப வருஷம் மெட்ஃபார்மின் போடறவங்களுக்குக் கொறையும், அவங்களுக்கு அது வேணும், டெஸ்ட் பண்ணிட்டுப் போட்டுக்கட்டும், சும்மா போடறதுல அர்த்தமில்ல.

கடைசியா எனக்கு நின்னது செவுறுதான். செவுத்துலேர்ந்து ஒரு கை தூரம் தள்ளி நின்னு, ரெண்டு உள்ளங்கையயும் செவுத்துல வச்சு, ஒரு கால பின்னாடி வச்சு, குதிகால் தரையில ஒட்டியே இருக்க, முட்டி மடங்காம முன்னாடி சாயணும், பின்சதை நல்லா இழுபடறது தெரியும், பத்து எண்ணி விடணும், மூணு தடவ. அடுத்த கால். அப்புறம் நாற்காலியில குதிகால வச்சு முட்டிய நீட்டி தொடையோட பின்பக்கத்த அதே மாதிரி. மொத்தம் மூணு நிமிஷம், படுக்கறதுக்கு முன்னாடி. நெதர்லாந்துல 2012-ல 55 வயசுக்கு மேல 80 பேர வச்சு ஆறு வாரம் பாத்ததுல, செய்யாதவங்கள விட செஞ்சவங்களுக்கு ராத்திரிக்கு ஒரு தடவைக்கு மேல கொறஞ்சிருக்கு, வலியும் கொறஞ்சிருக்கு. மறைக்காம சொல்றேன், 2005-ல இங்கிலாந்துல ஏற்கனவே கொய்னா போட்டுக்கிட்டு இருந்தவங்கள வச்சு செஞ்ச ஆய்வுல இது பெருசா உதவல. ஆனாலும் காசில்ல, பக்க விளைவில்ல, என் காலண்டர்ல மூணு ஒண்ணரையாச்சு, அதுக்கு மேல எனக்கு என்ன வேணும். போர்வைய பாதத்து மேல இறுக்கி சொருகாம விட்டா இன்னும் நல்லது, அது பாதத்த கீழ அழுத்தி வைக்குது.

அம்மா கதை தனி. அவங்களுக்கும் மூணு மாசமா ரெண்டு காலும் இழுத்துச்சு, செவுத்துல சாயற வயசும் இல்ல. நான் அவங்க மாத்திர டப்பாவ அப்படியே தூக்கிட்டு டாக்டர்கிட்ட போய் மேஜையில கொட்டுனேன். அவர் ஒவ்வொரு அட்டையா திருப்பிப் பாத்துட்டு, பிரஷருக்கு புதுசா சேத்த நீர் மாத்திரைய எடுத்து தனியா வச்சார், ரத்தத்துல சோடியம், பொட்டாசியம் பாக்க எழுதிக் குடுத்தார், பொட்டாசியம் கொறஞ்சிருந்துச்சு, மாத்திரைய மாத்துனார், ரெண்டு வாரத்துல நின்னுடுச்சு. நீர் மாத்திரை, கொழுப்பு மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், இதுல சிலதுக்கும் கால் பிடிப்புக்கும் தொடர்பு இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க, டப்பாவோட போய்க் கேளுங்க. நடந்தா பின்சதை வலிச்சு நின்னா விடுதுன்னா அது ரத்த ஓட்டக் கோளாறா இருக்கலாம். வலியே இல்லாம கால ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல ஒரு தவிப்பு வருதுன்னா அது வேற, அதுக்கு இரும்புச் சத்து பாப்பாங்க.

இந்த அலசல்ல யாரும் சொல்லாத ஒண்ணு ஸ்டூல். கடை ஆளுங்க உக்கார எடம் குடுக்கணும்னு 2021-லயே தமிழ்நாட்டுல சட்டம் வந்தாச்சு, எங்க கடையிலயும் நாலு ஸ்டூல் போட்டாங்க, ஆனா கஸ்டமர் பாத்தா என்ன நெனைப்பாங்கன்னு யாரும் உக்காரல, ஒரு வருஷம் அது மேல புடவை அட்டப்பெட்டிதான் இருந்துச்சு. நின்னே வேல பாக்கறவங்களுக்கு வெரிகோஸும் ராத்திரி இழுப்பும் அதிகம்னு படிச்சதும் சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட நானே போய்ப் பேசினேன். இப்ப நாலு பேரும் மணிக்கு பத்து நிமிஷம் மாறி மாறி உக்காரறோம், உக்காந்த எடத்துலயே பாதத்த மேலயும் கீழயும் ஆட்டிக்கறோம். போன மாசம் முழுக்க காலண்டர்ல ரெண்டே கோடு, ரெண்டும் ஆடித் தள்ளுபடி ஞாயித்துக்கிழம ராத்திரி, அன்னிக்கு காலையில ஒம்போதுலேர்ந்து ராத்திரி பத்து வரைக்கும் ஒருத்தரும் உக்காரல.