முகபாவம் மாறாத காதல்

அமெரிக்க இயக்குநர் ஹால் ஹார்ட்லி இயக்கி 1990இல் வெளிவந்த ‘டிரஸ்ட்’ படத்தை, காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஆச்சியும் உடனிருக்கப் பார்த்தேன். தான் கருவுற்றிருப்பதையும் படிப்பை விட்டுவிட்டதையும் நாயகி மரியா சாவகாசமாக அறிவித்து, திட்டும் தந்தையை அறைந்துவிட்டு வெளியேற, அவர் மாரடைப்பால் சரிந்து விழுகிறார். “இந்தப் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே அப்பச்சி!” என்று ஆச்சி அதிர்ந்தார், படத்தின் நகைச்சுவையே அந்த உணர்ச்சியற்ற பேச்சில்தான் இருக்கிறது.

தன் தந்தை கொரியப் போரிலிருந்து கொண்டுவந்த கையெறிகுண்டை எதற்கும் இருக்கட்டும் என்று உடன் வைத்திருக்கும் நாயகன் மேத்யூவும் மரியாவும், காதல் என்பதற்கு மதிப்பையும் நம்பிக்கையையும் கூட்டிக்கழித்து இலக்கணம் தேடுகிறார்கள். உயர்ந்த சுவரின் மேலிருந்து அவள் பின்புறமாகச் சாய்ந்து விழ, அவன் தாங்கிப் பிடிக்கும் காட்சியில் இசையாலோ கண்ணீராலோ நம்மை வற்புறுத்தாமல், விழுகிற உடலை மட்டும் காட்டியிருப்பது அபாரம். மரியாவாக வரும் ஏட்ரியன் ஷெல்லியின் நடிப்பு இயல்பாக இருக்கிறது.

குழந்தை கடத்தப்படும் கிளைக்கதை மட்டும் சற்று ஒட்டாமல் நிற்கிறது. பாட்டும் சண்டையும் எதிர்பார்ப்பவர்களுக்கு இப்படம் ஒத்துவராது.