திண்ணை வெப்பமானிக்கு நிறம் மாறும் எண்கள்: எதை வாங்கலாம்?

சத்துவாச்சாரியில் மாமா வீட்டுத் திண்ணைக்கு வெயில் அளவு காட்டும் பலகை ஒன்று வேண்டுமாம். 35 டிகிரி வரை பச்சை, 40 வரை மஞ்சள், அதைத் தாண்டினால் சிவப்பு. வேலூர் கத்திரி வெயிலில் சிவப்புக்குத்தான் வேலை அதிகம். வெப்பத்தை அளக்கும் சென்சார் டிஎஸ்18பி20, அதில் குழப்பமில்லை. நிறம் மாறும் எண்களுக்குத்தான் காட்பாடியில் ரயிலேறி சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி தெரு வரை போய், மூன்று வகை வாங்கி வந்து செய்து பார்த்தேன்.

முதலில் இருநிற செவன் செக்மென்ட், அதாவது ஏழு எல்இடி கோடுகளால் ஓர் எண்ணைக் காட்டும் பாகம். ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் ஒரு சிவப்பு, ஒரு பச்சை; இரண்டையும் சேர்த்து எரியவிட்டால் மஞ்சள். அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு வந்ததில் பச்சை சற்று மங்கல், அதனால் மஞ்சள் ஆரஞ்சாகத்தான் தெரிந்தது. தெருவிலிருந்து பார்த்தால் அதற்கும் சிவப்புக்கும் வித்தியாசமே இல்லை. எண்ணின் உயரமும் 0.56 அங்குலம்தான். மேசைக் கடிகாரத்துக்குச் சரி, திண்ணைக்கு உதவாது.

அடுத்தது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உள்ள ஆர்ஜிபி செக்மென்ட். பார்க்க அழகு, ஒயரிங் தலைவலி. புள்ளியையும் சேர்த்து 8 கோடு, கோட்டுக்கு 3 நிறம், ஆக ஓர் எண்ணுக்கே 24 இணைப்பு. இவற்றை எரியவிடும் 74எச்சி595 ஐசி ஒன்றில் 8 வெளியீடுதான், எனவே எண்ணுக்கு மூன்று ஐசி. 5 வோல்ட்டில் சிவப்புக்கு 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால், நீலத்துக்கும் பச்சைக்கும் 220 போட வேண்டும், ஏனென்றால் அவை சுமார் 3 வோல்ட் கேட்கும், சிவப்புக்கு 2 போதும். அந்த ஐசி மொத்தமாகத் தாங்குவதே 70 மில்லிஆம்பியர். எட்டுக் கோட்டையும் 9 மில்லிஆம்பியரில் எரித்தால் 72 ஆகிவிடும். எண்களை மாற்றி மாற்றி எரியவிட்டால் ஐசி குறையும், ஆனால் மூன்று எண்ணுக்கு வெளிச்சம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பகல் வெளிச்சத்தில் அதை யார் பார்ப்பது?

கடைசியில் மாட்டியது, ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி நிறம் கொடுக்கக்கூடிய டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டையைத் துண்டு போட்டு நானே செய்த எண்கள். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள பட்டை, கோட்டுக்கு இரண்டு. மூன்று எண்ணும் ஒரு புள்ளியும் சேர்த்து 43 எல்இடி. எல்லாவற்றையும் இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்ன போர்டிலிருந்து டேட்டாவுக்கு ஒரே ஒயர். எண் உயரம் கிட்டத்தட்ட 8 சென்டிமீட்டர், கேட்டிலிருந்தே படிக்கலாம்.

சும்மா வரவில்லை இந்தச் சுகம். 21 துண்டு, நடுவில் மும்மூன்று ஒயர். புள்ளியை விட்டாலும் 120 இடத்தில் சால்டர். டேட்டா போகும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்க்காமல் ஒரு துண்டைத் திருப்பி ஒட்டிவிட்டேன், அதற்கப்புறம் இருந்த எல்லாம் இருட்டு. தெர்மாகோல் சட்டத்தில் வெளிச்சம் கசிந்து 3 என்பது 8 மாதிரி தெரிந்தது. கோடுகளுக்கு நடுவே கறுப்பு சார்ட் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் போட்டதும் அடங்கியது. இந்தப் பட்டைக்கு நிறங்களை அனுப்பும் வரிசையும் பச்சை, சிவப்பு, நீலம் என்று போகும். அதைக் கவனிக்காததால் முதல் நாள் 41 டிகிரிக்குக் குளுகுளுவென்று பச்சை எரிந்தது!

மின்சாரத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. எல்லாமே முழு வெள்ளையில் எரிந்தால் 2.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னை நம்பாமல் தனி 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் போட்டேன்.

மாட்டிய வாரமே ஒரு மதியம் 42.5 சிவப்பாக எரிந்தது. மாமா வெளியே வந்து பார்த்தார். "இன்னாடா, செவப்பா காட்டுனா இன்னும் அனலடிக்கிற மாதிரி கீது. நீலமா மாத்திடு."

ப்ரோகிராமில் ஒரு வரி மாற்றினேன். இருநிற செக்மென்ட்டை மாட்டியிருந்தால் நீலத்துக்கு எங்கே போவேன்?